தூளிக்குக் கீழே ஒரு பை

பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்பின் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில், ஐந்தாம் தளத்துக்கு வாரத்தில் மூன்று மாலை போய்வருவேன். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு வேதியியல் சொல்லித்தர வேண்டும். அவன் அக்கா இரண்டாம் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து இருபத்திரண்டு நாள். மின்விசிறிக் கொக்கியில் சேலைத் தூளி, அதற்குக் கீழே ஒரு பை. அரசு மருத்துவமனையில் குழந்தை பெறுகிறவர்களுக்கு 2015-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய பரிசுப் பெட்டகத்தின் பை அது. மூத்த குழந்தைக்கு வந்தது. அப்போது அதில் பதினாறு பொருள்கள் இருந்தன. சோப்பு, எண்ணெய், ஷாம்பூ, நகவெட்டி, கொசுவலை, கிலுகிலுப்பை, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் என்று. இப்போது பை மட்டும் மிஞ்சி, வேறு சாமான்களைச் சுமந்துகொண்டிருந்தது.

ஒரு பக்கம் அக்கா போனில் ஆர்டர் செய்து வாங்கியவை: பவுடர், லோஷன், ஈரத்துடைப்பான், 'கெமிக்கல் இல்லாதது' என்று அச்சிட்ட மசாஜ் எண்ணெய். மறுபக்கம் பாட்டியின் சொத்து: உருக்குத் தேங்காய் எண்ணெய், பழைய பாட்டிலில் நலங்கு மாவு, வசம்பு, கற்பூரம், கண்மை டப்பா.

"சார், நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியாரு. இதுல எது கெமிக்கல்னு பாத்துச் சொல்லிடுங்க. தூக்கிக் கடாசிடறேன்" என்றார் பாட்டி.

எல்லாமே கெமிக்கல்தான் பாட்டி, குடத்துத் தண்ணீரும்தான் என்றேன். பையன் சிரித்தான். பாட்டி சிரிக்கவில்லை, அது நியாயம்தான். வகுப்பறைக்குத்தான் அந்தப் பதில் சரி. பாட்டிக்குத் தேவைப்பட்ட பதிலைச் சொல்லப் பையைவிட முதலில் தோலைப் பார்க்க வேண்டியிருந்தது.

*

தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவர் என்று விளக்கியவர் அமெரிக்கத் தோல் ஆய்வாளர் பீட்டர் எலியாஸ். இறந்த செல்கள் செங்கல். அவற்றுக்கு இடையில் உள்ள செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சாந்து. உள்ளே உள்ள நீர் வெளியே போகாமலும் வெளியே உள்ளது உள்ளே வராமலும் தடுப்பது இந்தச் சாந்துதான். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் இந்தச் சுவர் எழும்பித்தான் இருக்கும். ஆனால் பூச்சு வேலை பாக்கி. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுவரையான குழந்தைகளை ஆராய்ந்து 2010-ல் வெளியான கட்டுரை ஒன்று, பெரியவர்களைவிட அவர்களுடைய மேலடுக்கு சுமார் 30 சதவீதம் மெல்லியது என்றது. ஆராய்ந்தவர்கள் ஜான்சன் அண்ட் ஜான்சன் விஞ்ஞானிகள். குழந்தைத் தோல் வேறு மாதிரியானது என்று நிரூபணமானால் யாருக்கு வியாபாரம் என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அளந்த அளவு அதனால் பொய்யாகிவிடாது.

பிறக்கும்போது குழந்தைமேல் வெண்ணெய் அப்பியதுபோல் ஒரு பூச்சு இருக்கும். எண்பது சதவீதம் நீர், மீதி கொழுப்பும் புரதமும் சரிபாதி. நம் வீடுகளில் அதை அழுக்கு என்று தேய்த்து எடுப்பார்கள். உலகச் சுகாதார நிறுவனமோ, முதல் குளியலை 24 மணி நேரமாவது தள்ளிப்போடச் சொல்கிறது. உடம்பு சில்லிட்டுப்போகக் கூடாது என்பது முக்கியக் காரணம். கிருமியைத் தடுக்கும் புரதங்கள் அந்தப் பூச்சில் இருக்கின்றன என்பதும் சேர்த்துக்கொள்ள வேண்டியது.

அடுத்தது அமிலம். பெரியவர்கள் தோலின் பி.எச். ஐந்தரைக்குப் பக்கம், லேசான புளிப்பு. பச்சிளம் குழந்தைக்கு அது ஏழை ஒட்டித் தொடங்கி, முதல் சில வாரங்களில் இறங்குகிறது. சாந்தைத் தயாரிக்கும் நொதிகள் அமிலத்தில்தான் நன்றாக வேலை செய்யும். செங்கற்களைப் பிரித்துவிடும் நொதிகளுக்கு அமிலம் குறைந்தால் கொண்டாட்டம். சாதாரண சோப்பின் பி.எச். ஒன்பது, பத்து. நாளுக்கு இரண்டு முறை சோப்புப் போட்டால், கொத்தனார் கட்டக் கட்டப் பக்கத்தில் ஒருவர் பெயர்த்துக்கொண்டே இருப்பது மாதிரி.

கடைசியாக ஒரு கணக்கு. பையனிடமே போடச் சொன்னேன். எழுபது கிலோ ஆளின் தோல் பரப்பு ஏறக்குறைய 18,000 சதுர சென்டிமீட்டர். கிலோவுக்கு 257. மூன்று கிலோ குழந்தையின் தோல் சுமார் 2,100. கிலோவுக்கு 700. ஒரே லோஷனை இருவருக்கும் உடம்பெல்லாம் பூசினால், உடல் எடைக்கு ஏற்பப் பார்க்கையில் குழந்தைக்குப் போவது இரண்டரை மடங்குக்கு மேல். மெல்லிய சுவரையும், வந்ததை வெளியேற்ற இன்னும் பழகாத கல்லீரலையும் சிறுநீரகத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

*

இந்தக் கணக்கு உயிர்களைப் பறித்த இடம் பிரான்ஸ். 1972-ல் அங்கே சில ஊர்களில் குழந்தைகள் பிட்டத்தில் கடும் புண்ணோடும், பிறகு வாந்தி, வலிப்போடும் மருத்துவமனைக்கு வந்தன. மூளைக்காய்ச்சலா, தொற்றா என்று மருத்துவர்கள் தேடினார்கள். அந்த வீடுகள் எல்லாவற்றிலும் பொதுவாக இருந்தது டால்க் மோராஞ்ச் என்ற குழந்தைப் பவுடர். தயாரித்த இடத்தில் நடந்த பிசகால், ஹெக்சாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி பவுடரின் ஒரு பகுதிச் சரக்கில் 6 சதவீதத்துக்கும் மேல் கலந்துவிட்டிருந்தது. 200-க்கும் அதிகமான குழந்தைகள் பாதிக்கப்பட்டன, 36 குழந்தைகள் இறந்தன.

ஹெக்சாகுளோரோஃபீன் அன்று ஊரறிந்த விஷம் ஒன்றும் அல்ல. பிரசவ வார்டுகளிலேயே அந்த மருந்துள்ள திரவத்தால் குழந்தைகளைக் குளிப்பாட்டி வந்தார்கள். அந்த வழக்கத்தை எச்சரித்து, 1972 செப்டம்பரில் மருத்துவர் சீட்டில்லாமல் விற்பதை அமெரிக்கா கட்டுப்படுத்தியது. பெரியவர்கள் கையில் தேய்த்துக் கழுவிவிட்ட பொருள் குழந்தைக்கு ஏன் எமனானது? பவுடரைக் கழுவுவதில்லை. போட்ட இடம் அணைத்துணிக்குள், ஈரத்தோடு மூடிக்கிடக்கும் மடிப்பு. மூத்திரமும் மலமும் சேர்ந்தால் அமோனியா உண்டாகி அமிலம் போகும், தோல் வெந்துபோகும். வெந்த தோல் வழியே மருந்து தாராளமாக உள்ளே இறங்கும். புண்ணைப் பார்த்த தாய் இன்னும் கொஞ்சம் பவுடர் போட்டிருப்பாள். அன்பே அளவைக் கூட்டிவிடும் இடம் அது.

போரிக் அமிலத்துக்கும் இதே கதை. கேரம் பலகையில் தூவுகிறோமே, அந்தப் பொடிதான். போன நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மேல்நாட்டில் அதையே குழந்தையின் தொடை இடுக்கில் தூவினார்கள், மரணங்கள் பதிவாயின.

தூளிக்குக் கீழே பையில் இருந்த பவுடர் டப்பாவில் இவை எதுவும் இல்லை. அது டால்க். தமிழில் மாக்கல். கல்சட்டி செய்வதும், கோலப்பொடியாக அரைப்பதும் இந்த இனத்துக் கல்தான். மாக்கல்லும் ஆஸ்பெஸ்டாஸும் மண்ணுக்கடியில் பங்காளிகள். இரண்டும் மெக்னீசியம் சிலிக்கேட், சில சுரங்கங்களில் கலந்தே கிடக்கும். அமெரிக்க நீதிமன்றங்களில் ஆயிரக்கணக்கான வழக்குகள் இந்தச் சந்தேகத்தில்தான். ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்பதே கடைசிவரை ஜான்சன் நிறுவனத்தின் வாதம். ஆனாலும் டால்க் பவுடரை 2020-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023-ல் உலகம் முழுவதும் நிறுத்திச் சோளமாவுக்கு மாறிவிட்டது. 2024 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டால்க்கைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் வரிசையில் வைத்தது.

நம் நாட்டு வழக்கு வேறு தினுசு. மும்பை முலுண்டில் இருந்த ஜான்சன் ஆலையின் குழந்தைப் பவுடரில் பி.எச். தரக்கட்டுப்பாட்டை மீறியது என்று 2022 செப்டம்பரில் மகாராஷ்டிர அரசு உரிமத்தை ரத்து செய்தது. சோதித்த மாதிரி 2018-ல் எடுத்தது. நீதிமன்றம் புதிதாகச் சோதிக்கச் சொன்ன சரக்கு தரத்தோடு இருந்தது. 2023 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் அரசின் உத்தரவை நீக்கியது. இதில் யார் பக்கம் நியாயம் என்று சண்டை போடலாம். எனக்கு உறுத்துவது இடையில் போன நான்கு வருடம். அதற்குள் அந்த டப்பாக்கள் காலியாகி, அந்தக் குழந்தைகள் எல்.கே.ஜி.க்கே போயிருக்கும்.

ஆஸ்பெஸ்டாஸ், பி.எச். இரண்டையும் விட்டுவிட்டாலும் பவுடருக்கு எதிராக எளிய காரணம் ஒன்று உண்டு. டப்பாவைத் தட்டும்போது எழும் புகையைக் குழந்தை மூச்சில் இழுக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பவுடரே வேண்டாம் என்பது இதனால்தான். சென்னை வெயிலில் வேர்க்குருவுக்குப் பவுடர் என்பது நம் பழக்கம். வியர்வையோடு குழைந்து கழுத்து மடிப்பில் களிபோல் அடைத்துக்கொள்வதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். பருத்தித்துணியும் காற்றும் போதும்.

*

லோஷன் பாட்டிலைப் பையனிடம் கொடுத்துப் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். ஒரு சூத்திரம் உண்டு. இந்திய விதிப்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அதிக அளவிலிருந்து குறைந்த அளவுக்கு வரிசைப்படுத்த வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் என்றால் எந்த வரிசையிலும் போடலாம். ஃபினாக்ஸி எத்தனால் என்ற பதனப்பொருளுக்கு ஐரோப்பாவில் உச்சவரம்பே ஒரு சதவீதம். ஆகவே பட்டியலில் அந்தப் பெயருக்குப் பிறகு பாதாமும் குங்குமப்பூவும் வந்தால், அவை பெரும்பாலும் சொட்டுக் கணக்கு. முன்பக்கத்தில் படமாகப் பாதி டப்பாவை அடைத்துக்கொண்டிருப்பவை அவைதான்.

பதனப்பொருளே வேண்டாம் என்பார் சிலர். தண்ணீர் உள்ள லோஷனில் அது இல்லையென்றால் பூஞ்சை குடியேறும். பிரச்சினை எந்தப் பதனப்பொருள், எங்கே, எவ்வளவு நேரம் என்பதில். மெத்தில் ஐசோதையசோலினோன் என்ற ஒன்று ஈரத்துடைப்பான்களில் பரவலாக இருந்தது. 2013-ல் அமெரிக்கத் தோல் ஒவ்வாமைச் சங்கம் அதற்கு 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' பட்டம் கொடுத்தது. விருது வாங்கக் கூடாத வகை விருது. தோலிலேயே தங்கும் பொருள்களில் அதை 2017-ல் ஐரோப்பா தடை செய்தது, கழுவிவிடும் பொருளில் சிறிய அளவுக்கு விட்டுவைத்தது. பாரபென்களிலும் இதே தர்க்கம். புரோப்பைல், பியூட்டைல் பாரபென் இரண்டும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் அணைத்துணிப் பகுதியில் பூசி விடும் பொருள்களில் கூடாது என்கிறது 2014-ஆம் ஆண்டின் ஐரோப்பிய விதி. மோராஞ்ச் பவுடர் போன இடமும் அதுதான்.

பட்டியலின் கடைசியில் பெரும்பாலும் 'பெர்ஃப்யூம்' என்று ஒரே சொல் இருக்கும். ஒரு சொல்லுக்குள் பல டஜன் பொருள்கள் ஒளிந்திருக்கலாம். குழந்தையின் தோலுக்கு வாசனையால் பயன் எதுவும் கிடையாது. முகர்ந்து வாங்குவது நாம்தான். 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்ற சொல்லையும் நம்ப வேண்டாம். அதற்கு வரையறை வைக்க அமெரிக்க அரசு 1975-ல் போட்ட விதியை, அழகுசாதன நிறுவனங்கள் வழக்குப் போட்டு 1977-ல் செல்லாததாக்கின. அதிலிருந்து அங்கே அந்தச் சொல்லுக்கு, விற்கிறவர் என்ன நினைக்கிறாரோ அதுதான் அர்த்தம்.

*

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பாட்டியின் முகம் மலர்ந்தது. "நான் சொன்னேன்ல, நம்ம சாமான்தான் நல்லதுன்னு." அடுத்து அவர் பக்கத்துக்கு வர வேண்டிய தர்மசங்கடம் எனக்கு.

கற்பூரத்தில் தொடங்கினேன், பையில் எனக்கு உண்மையாகவே பயம் தந்தது அதுதான். சளி பிடித்தால் தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி நெஞ்சிலும் உள்ளங்காலிலும் தேய்ப்பது ஊர்ப் பழக்கம். கற்பூரம் எண்ணெயில் நன்றாகக் கரையும், தோல் வழியே வேகமாக ஏறும், மூளையைத் தூண்டி வலிப்பைக் கொண்டுவரும். 20 சதவீதம் கற்பூரம் கலந்த எண்ணெயை 1982-லேயே அமெரிக்கா கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னது. களிம்புகளில் 11 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று வரம்பும் வைத்தது. விக்ஸ் டப்பாவிலும் இரண்டு வயதுக்குக் கீழே வேண்டாம் என்று இருக்கும். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வலிப்போடு வந்த மூன்று குழந்தைகளைப் பற்றி 2009-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். காரணம் வீட்டுக் கற்பூரம். பாட்டியின் கரண்டியில் எத்தனை சதவீதம் என்று யார் அளப்பது? கற்பூரம் பூஜை மாடத்துக்குப் போகட்டும் என்றேன். மாடமும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

வசம்பை நம்மவர்கள் பிள்ளை வளர்ப்பான் என்பார்கள், ராத்திரியில் பெயர் சொல்லவும் மாட்டார்கள். இந்திய வசம்பின் எண்ணெயில் பீட்டா அசரோன் மிக அதிகம். எலிகளுக்குக் கட்டி உண்டாக்கியதால் உணவில் வசம்பு சேர்ப்பதை 1968-ல் அமெரிக்கா தடை செய்தது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறதே, அந்த மரபிலும் வசம்பைப் பச்சையாகக் கொடுப்பதில்லை, சுத்தி செய்ய வேண்டும் என்பதுதான் முறை. கையில் கட்டும் வசம்பு வளையல் தோலில் இருக்கும்வரை தொல்லை குறைவு. அது தோலில் மட்டும் இருக்காது. மூன்றாம் மாதத்தில் குழந்தையின் கை வாய்க்குப் போகும்.

நலங்கு மாவை முகர்ந்து பார்த்தேன். பயறு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ. "கார்போகரிசியும் போட்டிருக்கேன்" என்றார். கார்போகரிசியில் சொராலென் உண்டு. வெண்புள்ளி நோய்க்குப் பூசி, வெயில் படவைத்துத் தோலைக் கருக்கச் செய்யும் பொருள் அது. குளித்த கையோடு குழந்தையை இளவெயிலில் காட்டுகிறோம். கழுவிவிடும் மாவில் அதன் அளவு சொற்பமே. ஆனாலும் சூரியனோடு கூட்டணி வைக்கும் விதை ஒன்றை மூன்று வாரக் குழந்தையின் மாவில் போட வேண்டிய அவசியம் என்ன? அதை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். மாவைத் தூவாமல் குழைத்துப் பூசவும் சொன்னேன்.

கண்மையில் வீட்டு மை, கடை மை என்று பிரிக்க வேண்டும். விளக்கெண்ணெய்ச் சுடரில் பிடித்த மை வெறும் கரிதான். கடையில் விற்கும் சுர்மா வகைகளில் கலீனா என்ற ஈயத் தாது சேர்வதுண்டு. குழந்தை கண்ணைக் கசக்கி அந்தக் கையைச் சப்பும். பாஸ்டனில் 2011-ல் ஒரு கைக்குழந்தைக்கு ஈயநஞ்சு ஏறியதற்கு நைஜீரியாவிலிருந்து வந்த கண்மை காரணமாக இருந்தது. கரியோ கலீனாவோ, பூசும் விரல் பெரியவர்களுடையது. கண்ணுக்குள் வேண்டாம், திருஷ்டிப் பொட்டு உள்ளங்காலில் இருக்கட்டும் என்றதும் பாட்டி ஒப்புக்கொண்டார். திருஷ்டிக்கு இடம் முக்கியமில்லையாம்.

எண்ணெய் விஷயத்தில் பாட்டிக்கே வெற்றி, ஒரு நிபந்தனையோடு. டாக்கா சிசு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவியதில் ரத்தத் தொற்று குறைந்தது, 2005-ல் லான்செட் இதழில் வந்தது. ஒலியிக் அமிலம் மிகுந்த ஆலிவ் எண்ணெய் சாந்தைக் கலைக்கிறது. கடுகெண்ணெய் எலித்தோலில் கெடுதலே செய்தது. தேங்காய் எண்ணெயில் பாதி லாரிக் அமிலம், மென்மையானது. மற்றபடி, நிறைமாதக் குழந்தைக்கு ஏதோ ஒரு களிம்பை அன்றாடம் பூசினால் கரப்பான் வராது என்ற நம்பிக்கையை பிரிட்டனில் 1,394 குழந்தைகளை வைத்து நடத்தி 2020-ல் வெளியான சோதனை கலைத்துவிட்டது. பூசியவர்களுக்கும் பூசாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. லேசான மசாஜை உலகச் சுகாதார நிறுவனமும் மறுக்கவில்லை. நிபந்தனை இதுதான்: எண்ணெய் தோலோடு நிற்க வேண்டும். மூக்கிலும் தொண்டையிலும் விடுகிற எண்ணெய் நுரையீரலில் இறங்கி நிமோனியா ஆவதைப் பற்றி, தென்னிந்தியக் குழந்தைகளை வைத்தே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 1973-ல் கட்டுரை வந்தது. அரை நூற்றாண்டு ஆகியும் அந்தக் கை நிற்கவில்லை.

*

பையில் இல்லாத பொருள் ஒன்றை நான் கடைசியாகத்தான் கவனித்தேன். தண்ணீர். தென்சென்னைப் புறநகரில் லாரித் தண்ணீரும் போர்த் தண்ணீரும்தான் பலருக்கு. பக்கெட்டின் விளிம்பில் வெள்ளைக் காரை படிந்திருந்தது. கால்சியம், மெக்னீசியம். கடினநீரில் சோப்பு நுரைக்காது, நுரைக்கவில்லை என்று இன்னும் தேய்ப்போம், அது கரையாத பிசுக்காகித் தோலில் ஒட்டும். பிரிட்டனில் மூன்று மாதக் குழந்தைகள் 1,303 பேரை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். கடினநீர்ப் பகுதிகளில் கரப்பான் தெளிவாகக் கூடுதல். ஆனால் ஏற்கெனவே கரப்பான் வந்த குழந்தைகளின் வீட்டில் நீரை மென்மையாக்கியபோது பலன் கிடைக்கவில்லை என்றது 2011-ஆம் ஆண்டுச் சோதனை. நீரைப் புறநகரில் யாரும் மாற்ற முடியாது. சோப்பைக் குறைக்கலாம். பிட்டம், தொடை இடுக்கு, கழுத்து மட்டும், அதுவும் தினமும் வேண்டாம்.

கிளம்பும்போது அக்கா பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கினாள். மூத்தவள் போட்ட சட்டைகள், குல்லாய், துண்டு. திறந்ததும் அந்துருண்டை வாசம் அறையை நிறைத்தது. நாஃப்தலீன். ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு, அந்த வாசமேறிய துணியே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள்காமாலையைக் கொண்டுவர முடியும். பரம்பரைக் குறை, ஆண் குழந்தைகளுக்கே அதிகம், பரிசோதிக்காமல் வெளியே தெரியாது. தூளியில் இருந்ததும் ஆண் குழந்தை. நாஃப்தலீன் எண்ணெயில் கரைவது. எண்ணெய் தேய்த்த தோலில் அது இன்னும் வேகமாக ஏறும். காலையில் உருக்கெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, மூத்தவள் போட்ட அழகான சட்டை என்று இதைப் போட்டிருந்தால்?

பாட்டி ஒன்றும் சொல்லாமல் பெட்டியை மூடி, வெளி நடைக்குத் தூக்கிப் போனார். அடுத்த வகுப்புக்கு நான் போனபோது சட்டைகள் துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்து, "இன்னும் போகல சார்" என்று மறுபடி வெயிலில் போட்டார். தூளிக்குள் குழந்தை அக்காவின் பழைய சேலைத் துண்டைச் சுற்றிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.